நாலாவது முழுக்கு

ராம்சகியை எதிர்த்து நிற்கிறவள் பி.ஏ. படித்தவள் என்கிற சங்கதி, மனுத் தாக்கல் செய்த அன்றே பொழுது சாய்வதற்குள் மீனவர்கள் குடியிருக்கும் மல்லாத் தெரு முழுக்கப் பரவிவிட்டது. பெயர் இந்திரகலா. பஜாரில் உரக்கடை வைத்திருக்கும் குடும்பத்து மருமகள். தர்பங்காவில் கல்லூரிக்குப் போனவள். ராம்சகி படித்தது அஞ்சாம் வகுப்பு, அதிலும் பாதி. வெள்ளம் வந்து பள்ளிக்கூடக் கூரையைப் பெயர்த்துக்கொண்டு போன வருஷம் நின்ற படிப்பு அது. தண்ணீர் வடிந்தது, புதுக் கூரை வந்தது, ராம்சகி மட்டும் திரும்பப் போகவில்லை.

சங்கதியை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் கொழுந்தன் ஜிபச். வாசலில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. இரும்புச் சட்டியில், குளத்தில் விளையும் மக்கானா விதையை ராம்சகி மூங்கில் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தாள். விதை சூடேறி உள்ளுக்குள் வெடிக்கத் தொடங்கும்போது ஒரு கை அள்ளிப் பலகையில் போட வேண்டும். எதிரே இருக்கிறவர் மரக்கட்டையால் ஒரே போடு போட வேண்டும். கறுப்பு ஓடு தெறித்து வெள்ளைப் பொரி குதிக்கும். கொஞ்சம் பிந்தினால் விதை கல்லாகிவிடும். முந்தினால் அள்ளுகிறவள் விரல் நசுங்கும். அதனால் இந்த வேலைக்கு யாரோடும் உட்கார்ந்துவிட முடியாது. பதினாறு வருஷமாக ராம்சகி அள்ள, ஜிபச் அடித்துக்கொண்டிருக்கிறான். அவள் விரல் பத்தும் இன்றுவரை முழுசாக இருக்கின்றன.

“அவ இங்கிலீஷ்ல கையெழுத்துப் போட்டாளாம் அண்ணி. மனு வாங்குன ஆபீசரு எந்திரிச்சு நாற்காலி போட்டாராம்.”

“எனக்கும்தான் போட்டாரு.”

“உங்களுக்குப் போட்டது பிளாஸ்டிக்கு. அவளுக்கு மரம்.”

ராம்சகி சிரித்துவிட்டாள். “மரமோ பிளாஸ்டிக்கோ, உக்கார்றது ஒண்ணுதான் போடா.”

ரோடு, சாக்கடை, வீட்டுத் திட்டம் எல்லாம் முக்கியா என்கிற ஊர்த் தலைவரின் பாடு. வரப்புச் சண்டை, ஆடு மேய்ந்த தகராறு, சின்னத் திருட்டு, கைகலப்பு இவையெல்லாம் சர்பஞ்ச் நடத்தும் கச்சேரிக்கு, அதாவது ஊர் நீதிமன்றத்துக்கு, வரும். இரண்டு பதவிக்கும் ஊர்தான் ஓட்டுப் போடும். அஞ்சு வருஷத்துக்கு முன்னால் சர்பஞ்ச் நாற்காலி பெண்களுக்கு என்று ஆனபோது, பெண்டாட்டியை உட்கார வைத்துவிட்டுத் தான் பேசலாம் என்றுதான் ராம்சகியின் புருஷன் சோகாரத் அவளை நிறுத்தினான். முதல் வழக்கிலேயே பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்ல ஆரம்பித்தான். “ஏங்க, எல்லாருக்கும் டீ வாங்கிட்டு வாங்க” என்று அனுப்பி வைத்தாள். அவன் டீயோடு வந்தபோது தீர்ப்பு முடிந்திருந்தது. அதற்கப்புறம் அவன் சைக்கிளில் மீன் விற்கப் போவதோடு சரி, கச்சேரிப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

அன்றைக்குச் சட்டியில் இருந்த விதை சரியாகப் பொரியவில்லை. பத்துக்கு நாலு சிவந்து சுருங்கி விழுந்தது. அலசும்போதே அவள் கவனித்தாள். ஏழு தண்ணீர் மாற்றியும் அடியில் நீலக் களி ஒட்டிக்கொண்டே இருந்தது. சக்ரிச் சந்தையில் ஒரு வியாபாரியிடம் வாங்கியதாக ஜிபச் சொல்லியிருந்தான்.

“இது எந்தக் குளத்து விதைடா?”

“அதான் சொன்னேனே, சக்ரி.”

“சக்ரிப் பக்கம் மணல் கலந்த மண்ணு. இது நீலக் களி. பட்கி குளத்தைத் தவிர இந்தச் சுத்துவட்டாரத்துல எங்கடா நீலக் களி இருக்கு?”

ஜிபச் பலகையில் கிடந்ததை அடித்தான்.

பட்கி குளம் மீனவர் சங்கத்துடையது. மூணு வருஷத்துக்கு ஒருமுறை குலுக்கல் போட்டு யாருக்காவது கொடுப்பார்கள். மூணு வருஷம் ஜிபச் வைத்திருந்தான். இந்தத் தடவை சீட்டு துக்னி பேருக்கு விழுந்தது. துக்னி புருஷனைப் பறிகொடுத்தவள். ஒரு பெண்ணும், பஞ்சாபுக்கும் ஊருக்குமாக அலைகிற ஒரு முரட்டுப் பையனும் அவளுக்கு. குளத்தை ஒப்படைக்கிறவன் மூன்று முழுக்கு, அதாவது குளம் முழுக்க மூன்று சுற்று முங்கி, அடியில் உதிர்ந்த விதையை அள்ளிக்கொள்ளலாம். நாலாவது முழுக்கு குளத்துடைய பங்கு. அடிச் சேற்றில் அப்படிக் கிடக்கிற விதைதான் தை மாதம் முளைத்து அடுத்த வருஷத்து இலையாக மிதக்கும். இது எந்தக் காகிதத்திலும் இல்லை. ஆனால் மூன்றாம் முழுக்கு முடிந்ததும் கூடையைக் கரையில் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். அதற்கப்புறம் அதை நிமிர்த்துகிறவன் பக்கத்தில் கல்யாணப் பந்தியில்கூட யாரும் உட்கார மாட்டார்கள்.

“கூடைய நிமித்திட்டியாடா ஜிபச்?”

“மூணு வருஷமா முள்ளுல கிழிபட்டது நானு. இப்ப வந்து நோகாம அவ அள்ளிட்டுப் போவாளா?” அவன் குரல் உயரவில்லை. “விடுங்க அண்ணி. குளத்துக்கு வாயா இருக்கு?”

அப்போதே அவள் அடுப்பை அணைத்திருக்க வேண்டும். அணைக்கவில்லை. வறுத்த விதை அப்படியே போட்டால் வீணாகிவிடும் என்று கைக்கு ஒரு பழக்கம். இருட்டும்வரை அள்ளிப் போட்டுக்கொண்டேயிருந்தாள், அவன் அடித்துக்கொண்டேயிருந்தான். மறுநாள் மூட்டை பஜாருக்குப் போய்விட்டது. எத்தனையோ பேர் தப்புக்குத் தீர்ப்புச் சொன்னவள் தன் வாசலில் நடந்ததற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று பின்னால் அவள் பட்ட வேதனை கொஞ்சமில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் ஹெட்மாஸ்டர் ஒரு கூட்டம் போட்டார். சர்பஞ்ச் பதவிக்கு நிற்கிற இருவரையும் கேள்வி கேட்கலாம் என்று ஏற்பாடு. மழை விட்டு ரெண்டு நாளாகியும் மைதானம் சொதசொதவென்று கிடந்தது. இந்திரகலா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். நல்ல மாதிரிதான் பேசினாள். சட்டப் பிரிவு நம்பர்களைச் சொன்னாள், கச்சேரி எவ்வளவு அபராதம் போடலாம், எந்த வழக்கைப் போலீசுக்கு அனுப்ப வேண்டும் என்றெல்லாம் மளமளவென்று ஒப்பித்தாள். கூட்டம் வாயைப் பிளந்து கேட்டது.

ராம்சகியின் முறை வந்தது. “எனக்கு நம்பர் தெரியாது. நம்பர் சொல்லத்தான் அரசாங்கம் நிரஞ்சனைச் சம்பளம் குடுத்து அனுப்பியிருக்கு” என்றாள். கச்சேரிக்குச் சட்ட ஆலோசனை சொல்ல வட்டார ஆபீசிலிருந்து வாரம் ரெண்டு நாள் மோட்டார் சைக்கிளில் வரும் இளம் வக்கீல் நிரஞ்சன், பின்வரிசையில் நெளிந்தான். கூட்டம் சிரித்தது.

உரக்கடை ஆள் ஒருவன் எழுந்தான். “உங்க வீட்டு ஆளு மேலயே வழக்கு வந்தா என்ன பண்ணுவீங்க?”

“நாற்காலிய விட்டு எந்திரிச்சிருவேன். உபசர்பஞ்ச் கபிலேஷ்வர் ஐயா விசாரிப்பாரு. நான் பொம்பளைங்களோட தரையில உக்காந்துக்குவேன்.”

கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. இந்திரகலாவும் தட்டினாள். திரும்பி வரும் வழியெல்லாம் சோகாரத் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே, “ஜெயிச்சாச்சு, ஜெயிச்சாச்சு” என்று சொல்லிக்கொண்டு வந்தான். ராம்சகி மட்டும் பஜாருக்குப் போன மூட்டையை நினைத்துக்கொண்டே நடந்தாள்.

நாலு நாள் கழித்துத் துக்னி கச்சேரியில் மனுக் கொடுத்தாள். அவள் பையன் பட்கி குளத்தில் இறங்கிக் காலால் துழாவிப் பார்த்திருக்கிறான். ஒரு குடம் சேற்றை அள்ளினால் ஒரு பிடி விதை வர வேண்டிய இடத்தில் வெறும் களிதான் வந்திருக்கிறது. மனுவில் ஜிபச் பெயர்.

நிரஞ்சன் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தான். சோகாரத் கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டான். ராம்சகி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நீங்க விலகிட்டா போதும் சர்பஞ்ச்சம்மா. சட்டப்படி அதுதான் சரி. கபிலேஷ்வர் ஐயா பார்த்துக்குவாரு” என்றான் நிரஞ்சன். “இன்னொண்ணும் சொல்றேன். அந்தம்மாகிட்ட சாட்சி இல்ல. விதை பொரியாகிப் போயிடுச்சு. பொரியப் பார்த்து எந்தக் குளம்னு சொல்ல முடியுமா? வழக்கு நிக்காது. உங்களுக்கு எந்தக் கெட்ட பேரும் வராது.”

“அவ குளத்துல என்ன முளைக்கும்?”

நிரஞ்சன் மனுவை மடித்துப் பையில் வைத்தான். டீ குடிக்காமலே கிளம்பிப் போனான்.

அவன் வண்டிச் சத்தம் தேய்ந்ததும் சோகாரத் எதிரில் குந்தினான். “இந்தா பாரு. நாற்காலிய விட்டு எந்திரி, ஒத்துக்கறேன். அது நியாயம். வாயத் தொறக்காம இரு. அதுவும் நியாயந்தான்.”

“வறுத்தது நான்ங்க.”

“வறுத்த. வயித்துப் பாட்டுக்கு வறுத்த. எது எங்கேர்ந்து வந்ததுன்னு கேட்டுட்டா வறுக்கறாங்க எல்லாரும்?”

“நான் கேட்டேன். அவன் இல்லேங்கல.”

சோகாரத் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான். புருஷன் அப்படிக் கும்பிட்டு அவள் பார்த்ததேயில்லை. “அவன் எனக்கு ஒரே தம்பிடி. அம்மா சாகறப்போ இவன் கையைப் பிடிச்சு எங்கையில குடுத்துட்டுப் போச்சு. திருட்டுப் பட்டம் கட்டிட்டா சங்கத்துல இனிமே அவனுக்குக் குளம் குடுப்பாங்களா? அவன் பொண்ணை யாராச்சும் எடுப்பாங்களா? இன்னும் பதினெட்டு நாளுதான் ஓட்டுக்கு. நீ ஜெயிச்சு வந்து அவளுக்கு வேற எதாச்சும் நல்லது பண்ணு. யாரு வேணாங்கறா?”

அவள் ஆய்ந்த கீரையைத் தண்ணீரில் போட்டாள். பேசாமலிருந்தால் புருஷன் இருக்கிறான், கொழுந்தன் இருக்கிறான், நாற்காலியும் இருக்கிறது. துக்னிக்குக் குளம் மட்டும் இருக்கிறது, வெறும் தண்ணியாக. இவ்வளவு தெளிவாக எந்த வழக்கும் அவளுக்கு இதுவரை விளங்கியதில்லை. அதுதான் பயமாக இருந்தது.

விசாரணைக்குக் கூட்டம் கச்சேரிக் கட்டடத்தில் கொள்ளவில்லை. முற்றத்தில் தார்ப்பாய் விரித்தார்கள். கபிலேஷ்வர் நடுவில். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். வாயில் புகையிலையை அதக்கிக்கொண்டு எல்லாரையும் விலாசம் தேடுகிற மாதிரி பார்ப்பார். துக்னி தன் பக்கம் பஞ்சாயத்தார் ஒருவரைக் கேட்டு வாங்கினாள், ஜிபச் தன் பக்கம் ஒருவரை. இன்னும் இரண்டு பேரைக் கபிலேஷ்வர் சேர்த்துக்கொண்டார். ராம்சகி சொன்ன மாதிரியே பெண்களோடு தரையில் உட்கார்ந்தாள். இந்திரகலாவும் வந்திருந்தாள். நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல் தூண் ஓரமாக நின்றாள்.

“சக்ரியில வாங்கினேன் ஐயா” என்றான் ஜிபச்.

“யாருகிட்ட?”

“சந்தையில ஆயிரம் பேரு. பேரா கேக்க முடியும்?”

“நாலாவது முழுக்குப் போட்டதை யாராச்சும் பார்த்தாங்களா?” என்று கபிலேஷ்வர் துக்னியிடம் கேட்டார்.

“குளத்தடியில யாரு ஐயா உக்காந்து பார்த்துட்டிருப்பா?” என்றாள் துக்னி. “மீனுதான் பார்த்திருக்கும். கூட்டிட்டு வரட்டுமா?”

யாரோ சிரித்தார்கள். கபிலேஷ்வர் எழுந்துபோய்ப் புகையிலையைத் துப்பிவிட்டு வந்தார். “சாட்சி இல்லேன்னா நாங்க என்னம்மா பண்றது? அப்போ தள்ளுபடின்னு எழுதிரட்டுமா?”

ராம்சகி எழுந்தாள். “எழுதாதீங்க ஐயா. நான் சாட்சி.”

தார்ப்பாயின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்த சோகாரத் மெதுவாக எழுந்து, யாரையும் பார்க்காமல், வெளியே நடந்துபோனான்.

“அந்த விதைய அலசினது நான், வறுத்தது நான். ஏழு தண்ணிக்கும் நீலக் களி போகல. பத்துக்கு நாலு பொரியல. சேத்தோட அடியில ஊறிக் கிடந்த விதை அது. முளைக்கிறதுக்கு வெச்ச விதை. நான் கேட்டப்போ கூடைய நிமித்தினதை ஜிபச் மறுக்கல. தெரிஞ்சதுக்கப்புறமும் சட்டிய எறக்காம வறுத்தேன். எனக்கும் சேத்து எழுதுங்க.”

ஜிபச் அவளைப் பார்த்தான். கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அவன் முகத்தில் கோபம் இல்லை. சின்ன வயசில் பாம்பு கடித்து வந்து நின்றபோது அவளிடம் காட்டிய முகம் அது. “அண்ணி” என்றான்.

ரெண்டு மூட்டை முளைப்பு விதையை ஜிபச் வாங்கித் துக்னியின் குளத்தில் விட வேண்டும், ஜிபச்சுக்கும் ராம்சகிக்கும் அபராதம் என்று கபிலேஷ்வர் எழுதினார். நிரஞ்சன் ராம்சகியிடம் வந்து, “இப்படி ஒண்ணு எந்தப் புத்தகத்துலயும் நான் படிக்கல சர்பஞ்ச்சம்மா” என்றான். தூண் ஓரம் நின்ற இந்திரகலா, போகும்போது அவள் பக்கத்தில் ஒரு நிமிஷம் தயங்கினாள். “நானா இருந்தா சொல்லியிருக்க மாட்டேன்” என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் ஜிபச் முற்றத்தின் நடுவில் மூங்கில் தட்டி கட்டினான். அவன் பெண்டாட்டி அந்தப் பக்கம் தனி அடுப்பு போட்டாள். வேறு குளத்து விதை அரை மூட்டை வறுபடாமல் இந்தப் பக்கம் கிடந்தது. எதிரில் அடிக்க ஆளில்லை. சோகாரத்தை ஒருநாள் கேட்டாள். “எனக்கு வராது” என்றான். அவன் அவளை ஏசவில்லை, அடிக்கவில்லை, தட்டில் போட்டதைச் சாப்பிட்டான், எழுந்து கை கழுவினான். வாக்குக் கேட்க மட்டும் கூட வரவில்லை. சூரியனைக் கும்பிடும் சட் பண்டிகை வந்தது. வருஷா வருஷம் ஓரகத்திகள் இருவரும் ஒரே முறத்தில் தேக்குவா பலகாரமும் வாழைத்தாரும் வைத்து, இடுப்பளவு தண்ணீரில் நின்று சூரியனுக்குக் காட்டுவார்கள். இந்த வருஷம் ஓரகத்தி மேற்குத் துறைக்குப் போய்விட்டாள். ராம்சகி கிழக்குத் துறையில் குளிரில் நடுங்கிக்கொண்டு தனியாக நின்றாள். சூரியன் பனிமூட்டத்துக்குள்ளேயே இருந்துவிட்டு ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தது.

அவள் மட்டும் வீடு வீடாக நடந்தாள். எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். “உங்களுக்குப் போடாம யாருக்கு?” என்றார்கள். அவள் தெருமுனை திரும்பியதும் பேச்சு வேறு மாதிரி போனது என்பது ஓட்டுப் பெட்டி திறந்த அன்றைக்குத்தான் தெரிந்தது. இந்திரகலா நூற்றுப் பதினோரு ஓட்டில் ஜெயித்தாள். மேல்தெருப் பெட்டிகளில் இருவருக்கும் கிட்டத்தட்ட சரிசமம். மல்லாத் தெருப் பெட்டியில்தான் ராம்சகி கவிழ்ந்தாள். தன் சொந்தத் தெரு. அஞ்சு வருஷத்துக்கு முன்னால் மேளம் அடித்து அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்த தெரு.

மறுநாள் காலையில் அடிகுழாயில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். துக்னி வந்தாள். கையில் புரசு இலையில் சுற்றி என்னவோ வைத்திருந்தாள்.

“பட்கி குளத்து மீனு அக்கா. நாலு கெண்டை. சர்பஞ்சா இருக்கறப்போ யாருகிட்டயும் எதுவும் வாங்க மாட்டீங்க. இப்போ வாங்கலாம்ல?”

ராம்சகி கையைக் கழுவிக்கொண்டு வாங்கினாள். “விதை விட்டாச்சா?”

“ரெண்டு மூட்டையும் விட்டாச்சு. ஜிபச்சே எறங்கித் தூவினான். ஒரு வார்த்தை பேசல.” துக்னி குழாயடி ஈரத்தில் குந்தினாள். சொல்லலாமா என்று யோசிக்கிறவள் போல இலை நாரைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். “எங்க வீட்டு மூணு ஓட்டும் உங்களுக்குப் போடல அக்கா.”

ராம்சகி திரும்பிப் பார்த்தாள்.

“கோவம்னு நெனைச்சுக்காதீங்க. நீங்க எந்திரிச்சதாலதான் எனக்குக் குளம் முளைக்கப்போவுது. அது தெரியாத கழுதையா நான்? முத்திரைய எடுத்து உங்க சின்னத்துக்கு மேலதான் கொண்டு போனேன். அப்போ எம் பையன் ஞாபகம் வந்துருச்சு. அவன் கை சும்மா இருக்காது. இன்னைக்கு இல்லேன்னா நாளைக்கு எவன் மண்டையாவது ஒடைச்சிட்டு வந்து நிப்பான். அப்போ அந்த நாற்காலியில நீங்க இருந்தா நான் என்ன பண்ணுவேன்? உங்க கால்ல விழுந்து ஆகப்போறது என்ன? சொந்தக் கொழுந்தனுக்கே நீங்க அசையல. அந்தப் பொண்ணுகிட்டன்னா மாமனாரப் புடிக்கலாம், கடைக்காரனப் புடிக்கலாம். எங்கயாச்சும் ஒரு வழி இருக்கும்.”

“தெருவுல எல்லாரும் இப்படித்தான் நெனைச்சாங்களா?”

“வேற எப்படி அக்கா நெனைப்பாங்க? எல்லாரு வீட்டுலயும் ஒருத்தன் இருக்கான்ல.”

தட்டிக்கு அந்தப் பக்கம் ஜிபச் வீட்டு அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. அவன் விதை வறுக்கிற பெண்டாட்டியை எதற்கோ அதட்டுவது கேட்டது. ராம்சகி மீனை இலையோடு மடியில் வைத்துக்கொண்டு, அந்தச் சத்தம் ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எங்க வீட்டுலயும் ஒருத்தன் இருந்தான் துக்னி” என்றாள்.

துக்னி தலையைக் குனிந்துகொண்டாள்.